ஆழம் குறைந்த கடலில் சுறாக்களைக் கண்காணிக்கும் ட்ரோன்: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் நடமாடும் சுறாக்களைக் கண்காணிக்க ட்ரோன்களை எந்த அளவுக்கு நம்பலாம், அப்படியொரு கண்காணிப்பைத் தொடங்குபவர் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்பது கேள்வி. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெளிந்த நீரும், வெளிறிய மணல் தரையும், சில மீட்டருக்கு மேற்படாத ஆழமும், அடங்கிய காற்றும் கூடிவரும் இடத்தில், சுறாவைத் தொடாமலும் துன்புறுத்தாமலும் அதன் போக்கை அறிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி இன்று நம்மிடம் இல்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் ட்ரோனின் பார்வை வேகமாகச் சுருங்கிவிடும். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைப் படம் தானாகச் சொல்லாது. நாம்தான் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவீட்டைச் செய்யாத கண்காணிப்பு, எத்தனை அழகான காட்சிகளைத் தந்தாலும், சுறாக்களின் எண்ணிக்கையைப் பற்றி நம்பத்தக்க எதையும் சொல்ல முடியாது.

ட்ரோன்கள் வருவதற்கு முன்பு வான்வழிக் கண்காணிப்பு சிறிய விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் சார்ந்திருந்தது. அவை எவ்வளவு சுறாக்களைக் காண்கின்றன என்று ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். சுறா வடிவப் பொம்மைகளை நீரில் வெவ்வேறு ஆழங்களில் நிறுத்தி, மேலே பறந்த பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் அவற்றில் எத்தனையைக் கண்டுபிடித்தார்கள் என்று கணக்கிட்டார்கள். 2014-இல் வெளியான அந்த முடிவின்படி விமானத்தில் இருந்தவர்கள் 12.5 விழுக்காட்டையும், ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் 17.1 விழுக்காட்டையும் மட்டுமே கண்டார்கள். நீர் தெளிவாக இருந்த நிலையிலேயே இதுதான் நிலைமை. பொதுமக்கள் பெரிதும் நம்பிய ஒரு முறை உண்மையில் ஐந்தில் ஒன்றைக்கூடச் சரியாகக் காணவில்லை என்பது பலரையும் யோசிக்க வைத்தது. ட்ரோன் இதைவிடத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கிறது. ஐயமான இடத்தின் மேல் நின்று பார்க்கிறது. பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் வழி தருகிறது. அதன் உண்மையான மேன்மை இந்த மூன்றில்தான் இருக்கிறது. ஆனால் ஒளியும் நீரும் விமானத்துக்கு விதித்த தடைகளை அவை ட்ரோனுக்கும் விதிக்கவே செய்கின்றன.

அந்தத் தடைகளைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். கடலின் மேற்பரப்பில் பட்டு நேராகக் கேமராவுக்குள் திரும்பும் சூரிய ஒளி, அதாவது கண்ணைக் கூசவைக்கும் மினுக்கம், முதல் எதிரி. கேமரா செங்குத்தாகக் கீழே பார்க்கும்போது, அமைதியான நீரில் சூரியனின் பிரதிபலிப்பு, சூரியன் உச்சியிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ அத்தனை பாகை விலகித் தெரியும். பரவலாகப் பயன்படும் ஒரு ட்ரோன் கேமராவின் பார்வை நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 37 பாகை விரிகிறது என்று கொண்டால், சூரியன் அடிவானத்துக்கு மேல் 53 பாகைக்கும் குறைந்த உயரத்தில் இருக்கும்போதே பிரதிபலிப்பு படச் சட்டத்துக்கு வெளியே போகும். அலைகள் அந்த ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் தாழ்ந்த சூரியனே வசதி. ஆனால் சூரியன் மிகத் தாழ்ந்துவிட்டால் நீருக்குள் நுழையும் ஒளியும் குறைந்துவிடும். ஆகவே காலையின் நடுப்பகுதியும் பிற்பகலின் நடுப்பகுதியும் நல்ல நேரங்கள். உச்சிவேளை பெரும்பாலும் வீண்.

மினுக்கத்தைக் குறைக்க, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசிங் வடிகட்டியைக் கேமராவில் பொருத்துவது வழக்கம். அது எப்போதும் ஒரே மாதிரி உதவும் என்று நினைப்பது தவறு. நீர்ப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 53 பாகைச் சாய்வில்தான் முழுமையாக ஒரே திசையில் அதிரும் ஒளியாகிறது. நேர் கீழே பார்க்கும் கேமராவுக்கு அந்த வடிகட்டியால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. சாய்வாகப் பார்த்தால் வடிகட்டி நன்றாக வேலை செய்யும், பரப்பும் அதிகமாகத் தெரியும், ஆனால் உயிரியின் நீளத்தை அளப்பது கடினமாகிவிடும். தேடும்போது சாய்வாகப் பார்த்து, கண்டபின் அதன் நேர் மேலே சென்று அளப்பதே நான் பரிந்துரைக்கும் நடைமுறை.

அடுத்தது மாறுபாடு, அதாவது சுறாவின் நிறத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு. சுறாவின் முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் இருப்பது மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும் கண்களிடமிருந்து மறைந்துகொள்ள உதவும் தகவமைப்பு. வெள்ளை மணலின் மேல் அந்தக் கரிய முதுகு தெளிவாகத் தெரியும். பாறையின் மேலோ கடற்புல் படுகையின் மேலோ அதே உயிரி கண்ணுக்கு அகப்படாமல் போகும். மணல் தரை உள்ள பகுதியில் அதிக எண்ணிக்கையும் பாறைப் பகுதியில் குறைந்த எண்ணிக்கையும் பதிவானால், சுறாக்கள் மணலை விரும்புகின்றன என்று அவசரமாக முடிவு கட்டக் கூடாது. வெப்பக் கேமராவைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் தீருமா என்று பலர் கேட்கிறார்கள். தீராது. வெப்பக் கதிர்களை நீர் தன் மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்திலேயே விழுங்கிவிடுகிறது. அரை மீட்டர் ஆழத்தில் நீந்தும் எதுவும் அந்தக் கேமராவுக்குத் தெரியாது. மேலும் பெரும்பாலான சுறாக்களின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். பல அலைநீளங்களைத் தனித்தனியாகப் பதியும் கேமராக்கள் வேறு வகை. பச்சை ஒளிப் பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் சுறாவுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு கூடும் என்பதால் அவற்றில் ஆய்வுகள் நடக்கின்றன.

இப்போது மையமான பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு சுறா எண்ணிக்கையில் சேராமல் போவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. அது பார்வைக்கு எட்டாத ஆழத்திலோ கலங்கலிலோ இருந்திருக்கலாம். அல்லது படத்தில் தெரிந்தும் பார்ப்பவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். முதலாவது உயிரியின் நடத்தையையும் நீரையும் சார்ந்தது, இரண்டாவது மனிதரையும் கருவியையும் சார்ந்தது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு சுறா தன் நேரத்தில் 40 விழுக்காட்டைப் பார்வைக்கு எட்டும் மேலடுக்கில் கழிக்கிறது, அப்படி இருக்கும்போது பார்வையாளர் 80 விழுக்காடு முறை அதைக் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணத்தில் மேலே கடந்து செல்லும் ட்ரோன் அதைக் காணும் வாய்ப்பு 32 விழுக்காடு. மழைக்குப் பின் நீர் கலங்கி, பார்வைக்கு எட்டும் நேரம் 10 விழுக்காடாகக் குறைந்தால், வாய்ப்பு 8 விழுக்காடாகிவிடும். கடலில் இருக்கும் சுறாக்களின் எண்ணிக்கை சற்றும் மாறாமலேயே நம் பதிவேட்டில் அது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். இந்த வீழ்ச்சியை இயற்கையின் வீழ்ச்சியாக வாசிப்பதுதான் இத்துறையில் நேரும் மிகக் கனமான பிழை என்பது என் உறுதியான எண்ணம்.

இதைத் தவிர்க்க வழிகள் இருக்கின்றன, அவை விலையுயர்ந்தவையும் அல்ல. கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டிய, நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டை ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் நீரில் இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறித்துவைப்பது முதல் படி. சுறா வடிவில் வெட்டிய பலகைகளைத் தெரிந்த ஆழங்களில் நிறுத்தி, பார்வையாளருக்கு அவை இருக்கும் இடத்தைச் சொல்லாமல் சோதிப்பது இரண்டாவது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ட்ரோன்களைக் கொண்டு இத்தகைய சோதனைகள் நடந்தபோது, பொம்மை இருந்த ஆழமும் நீரின் தெளிவுமே முடிவைப் பெரிதும் தீர்மானித்தன. ஒலிக்குறிப்பான்கள் பொருத்திய சுறாக்கள் வாழும் பகுதியாக இருந்தால், கடலடியில் உள்ள ஒலிவாங்கிகள் ஒரு சுறாவைப் பதிவுசெய்த அதே நேரத்தில் ட்ரோன் அதைக் கண்டதா என்று ஒப்பிடலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எதுவும் தென்படாத பறப்புகளையும் முழுமையாகப் பதிய வேண்டும். எத்தனை நிமிடம், எந்த உயரத்தில், எந்தக் காற்றில், எந்தத் தெளிவில் பறந்து எதையும் காணவில்லை என்ற தகவல் இல்லாமல், கண்டவற்றின் பட்டியலுக்குப் பொருள் இல்லை.

பதிவை வாசிப்பதும் தனிக் கலை. நீண்ட நேரம் வெறும் நீரைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் தளர்வது இயல்பு. பறக்கும் நேரத்தில் சிறிய திரையில் தவறவிட்ட உயிரிகள் பின்னர் பெரிய திரையில் அகப்படுவது சாதாரணம். ஆகவே இரண்டு பேர் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. கணினிக்குப் பயிற்சி தந்து சுறாக்களை அடையாளம் காணவைக்கும் முயற்சிகளும் நல்ல நிலையை எட்டியிருக்கின்றன. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த பெனியாஃப் கடல் அறிவியல் ஆய்வகம் நடத்தும் ‘ஷார்க்ஐ’ திட்டம் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆயினும் ஒரு கடற்கரையின் படங்களில் பயின்ற நிரல், நிறமும் தரையும் வேறான இன்னொரு கடற்கரையில் தடுமாறும். திருக்கை, மிதக்கும் கடற்பாசித் திரள், மேகத்தின் நிழல், சில வேளைகளில் ஓங்கில் (டால்ஃபின்) ஆகியவற்றைக்கூடச் சுறா என்று குறிக்கும். புதிய இடத்துக்குக் கொண்டு செல்லும்போது அந்த இடத்தின் படங்களைக் கொண்டே மீண்டும் சோதித்தாக வேண்டும்.

நீளத்தை அளப்பதில் ட்ரோன் மிகப் பயனுள்ளது. அதே நேரத்தில் சிறு பிழைகள் நுழைவதும் இங்கேதான். 13.2 மில்லிமீட்டர் அகல உணரியும் 8.8 மில்லிமீட்டர் குவியத்தூரமும் கொண்ட கேமரா, 60 மீட்டர் உயரத்திலிருந்து 90 மீட்டர் அகலப் பரப்பைப் பார்க்கிறது. அகலத்தில் 3,840 பிக்சல்கள் கொண்ட காணொளியில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டருக்குச் சமம். இரண்டு மீட்டர்ச் சுறா சுமார் 85 பிக்சல் நீளமாகத் தெரியும். ட்ரோன் காட்டும் உயரத்தில் ஐந்து விழுக்காடு பிழை இருந்தால் நீளத்திலும் அதே அளவு பிழை வரும். சாதாரண ட்ரோன்கள் காற்றழுத்தத்தைக் கொண்டு, புறப்பட்ட இடத்திலிருந்து உயரத்தைக் கணிக்கின்றன. மணல்மேட்டின் மேலிருந்து கிளப்பினால் அந்த மேட்டின் உயரத்தையும் ஓதத்தின் மட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுறா நீருக்கு அடியில் இருப்பதையும் மறக்கக் கூடாது. ஒளிவிலகலால் இரண்டு மீட்டர் ஆழத்தில் இருப்பது ஒன்றரை மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். அந்த ஒன்றரை மீட்டரை 60-உடன் கூட்டாமல் விட்டால் நீளம் சுமார் 2.5 விழுக்காடு குறைத்து மதிப்பிடப்படும். நீந்தும் சுறா வளைந்து வளைந்து செல்வதால், உடல் நேராக இருக்கும் சட்டகங்களைத் தேர்ந்தெடுத்துப் பலமுறை அளந்து சராசரி எடுப்பதே முறை. நீளம் தெரிந்த ஒரு பலகையை நீரில் மிதக்கவிட்டு அதையும் சேர்த்து அளந்துகொண்டால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

இத்தனை எச்சரிக்கைகளையும் சொன்னபின், ட்ரோன் நமக்குக் காட்டியிருப்பவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஏனெனில் அவை சுறாக்களைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றியிருக்கின்றன. கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாங் பீச் வளாகத்து ஆய்வாளர்கள் 2019 முதல் 2021 வரை தென் கலிஃபோர்னியாவின் 26 கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பறப்புகளை நடத்தி, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இரண்டு பகுதிகளில், கண்காணித்த நாட்களில் 97 விழுக்காட்டில் சுறாக்களும் மனிதர்களும் ஒரே நீரில் அருகருகே இருந்தார்கள். அலைச்சறுக்குபவர்களுக்குச் சில மீட்டர் தூரத்தில் அவை அமைதியாகக் கடந்து சென்றன; நீரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதை அறியவேயில்லை. கடியை மட்டும் செய்தியாகக் கேட்டுப் பழகிய உலகத்துக்கு, கடி நிகழாத எண்ணற்ற சந்திப்புகளை எண்ணிக் காட்டியது இந்த வேலை. சுறாக்களின் பாதுகாப்புக்கு இதைவிட வலுவான சான்றை நான் அறியேன்.

ஃபிளோரிடாவின் தென்கிழக்குக் கரையில், குளிர்காலத்தில் பெருந்திரளாக வரும் கருமுனைச் சுறாக்கள் ஏன் முழங்கால் அளவு நீர்வரை ஒதுங்குகின்றன என்ற கேள்விக்கும் ட்ரோன் படங்களே விடை தந்தன. சுத்தியல் வடிவத் தலை கொண்ட பெரிய கொம்பன் சுறா துரத்தி வரும்போது அவை மிக ஆழம் குறைந்த நீருக்குள் பாய்ந்து தப்புவதையும், உருவில் பெரிய கொம்பன் சுறாவால் அங்கே அவற்றைத் தொடர முடியாமல் போவதையும் ஃபிளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் விவரித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் 2022 மே மாதம் ஓர்காக்கள் (கொலையாளித் திமிங்கிலங்கள்) வெள்ளைச் சுறாவை வேட்டையாடிக் கொன்ற காட்சி வானிலிருந்து பதிவானது. அதன்பின் சுறாக்கள் அப்பகுதியைவிட்டு விலகியதையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். 2023 ஜூலையில் கலிஃபோர்னியாவின் கார்ப்பின்டீரியா அருகே, உடலில் வெண்படலம் உரிந்துகொண்டிருந்த, சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வெள்ளைச் சுறாக் குட்டியைக் காட்டுயிர்ப் படப்பிடிப்பாளர் கார்லோஸ் கௌனா ட்ரோனில் படம்பிடித்தார். அவரும் உயிரியல் ஆய்வாளர் ஃபிலிப் ஸ்டெர்ன்ஸும் அது பிறந்து சில மணி நேரமே ஆன குட்டியாக இருக்கக்கூடும் என்று 2024 ஜனவரியில் எழுதினார்கள். அந்தப் படலம் தோல் நோயாக இருக்கும் வாய்ப்பையும் அவர்களே குறிப்பிட்டார்கள். பிரெஞ்சு பாலினீசியாவின் மோரேயாத் தீவுக் காயலில் கருமுனைப் பவளச் சுறாக்களின் அடர்த்தியைக் கணக்கிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு, தெளிந்த ஆழமற்ற நீரில் இந்த முறை எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு நல்ல தொடக்க எடுத்துக்காட்டு.

கடலாடுவோரின் பாதுகாப்புக்காகப் பயன்படுத்துவது சற்று வேறான காரியம். நியூ சவுத் வேல்ஸில் 1937 முதலும், குயின்ஸ்லாந்தில் 1962 முதலும் சுறா வலைகள் இடப்பட்டு வருகின்றன. அவற்றில் ஆமைகளும் ஓங்கில்களும் திருக்கைகளும் தீங்கு செய்யாத சுறாக்களும் சிக்கி இறக்கின்றன. எவ்வுயிரையும் கொல்லாத மாற்றாக இரு மாநிலங்களிலும் உயிர்காப்பாளர்கள் ட்ரோன்களை இயக்குகிறார்கள். ஆபத்தான சுறா எனத் தெரிந்தால் ஒலியெழுப்பி நீரிலிருப்போரை வெளியேற்றுகிறார்கள். 2018 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸின் லெனாக்ஸ் ஹெட் பகுதியில் அலையில் சிக்கிய இரண்டு இளைஞர்களுக்கு ட்ரோன் மிதவையை இறக்கிக் காப்பாற்றியது. சுறாவுக்காக வாங்கிய கருவி வேறு ஆபத்திலும் கைகொடுத்தது. ஆனால் மின்கலம் இருபது முப்பது நிமிடங்களில் தீர்ந்துவிடும். பலத்த காற்றிலும் மழையிலும் பறக்க முடியாது. காளைச் சுறாக்கள் கலங்கிய ஆற்று முகத்துவாரங்களை நாடுபவை; அந்தி மங்கிய ஒளியிலும் மழைக்குப் பிந்தைய கலங்கலிலும் எச்சரிக்கை மிகவும் தேவைப்படும், அப்போதுதான் ட்ரோன் ஏறத்தாழக் குருடாகிவிடும். எனவே ‘சுறா தென்படவில்லை’ என்ற அறிவிப்பை ‘சுறா இல்லை’ என்று கடற்கரையில் எவரும் ஒலிபரப்பக் கூடாது. கலங்கிய நாளில் ட்ரோனை இறக்கிவைத்துவிட்டு, இன்று கண்காணிப்பு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை.

சுறாக்களுக்கு ட்ரோனால் தொல்லை உண்டா? காற்றிலிருந்து நீருக்குள் ஒலி மிகக் குறைவாகவே கடக்கிறது; வழக்கமான உயரங்களில் சுறாக்கள் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. மிகத் தாழ்வாகப் பறந்து நிழல் விழச் செய்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். உண்மையான தொல்லை பறவைகளுக்கு. 2021-இல் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகத்தில் ஒரு ட்ரோன் விழுந்ததால் மிரண்ட ஆலாக்கள் கூடுகளைக் கைவிட்டுப் பறந்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் அழிந்தன. கூடுகட்டும் பருவத்தில் புறப்படும் இடத்தையும் பாதையையும் பறவைக் குடியிருப்புகளிலிருந்து விலக்கி வையுங்கள். உயர வரம்பு (பல நாடுகளில் 120 மீட்டர்), கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் இயக்குதல், மனிதர் தலைக்கு மேல் பறக்காமை முதலிய விதிகளை அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். கரையில் இருப்பவர்களின் முகம் பதிவாகாதபடி கடலில் மட்டும் பதிவைத் தொடங்குவதும் அதே அளவு முக்கியம்.

கடைசியாக, தரவைப் பற்றி. சுறாக்கள் குட்டி போடும் இடங்களையும் கூடும் இடங்களையும் துல்லியமான ஆயத்தொலைவுகளுடன் உடனுக்குடன் வெளியிடுவது அவற்றை வேட்டையாட விரும்புவோருக்கு வழிகாட்டுவதாகிவிடும். தூண்டில் இரையை ட்ரோனில் சுமந்து சென்று போடும் பழக்கம் பரவியதால், அது சட்டவிரோதம் என்று தென்னாப்பிரிக்க அரசு 2022-இல் அறிவிக்க நேர்ந்தது. பாதுகாப்பு எச்சரிக்கை உடனே வெளிவர வேண்டும். அதில் கடற்கரையின் பெயர் போதும். ஆய்வுத் தரவில் இடத்தைச் சில கிலோமீட்டர் கட்டங்களாகத் தோராயப்படுத்தி, பருவம் முடிந்தபின் வெளியிடலாம். மூலக் காணொளியையும், செக்கி அளவு, காற்று, உயரம், ஓதம், பறந்த நிமிடங்கள் ஆகிய குறிப்புகளையும் சேர்த்தே சேமித்துவையுங்கள். இன்று தவறவிட்ட சுறாக்களைச் சில ஆண்டுகளுக்குப் பின் வரும் மேம்பட்ட நிரல் அதே காணொளியில் கண்டுபிடிக்கக்கூடும், அப்போது அவற்றை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட இந்தக் குறிப்புகள் தேவைப்படும்.